சிம்லாவுக்கு முன்னால் போன சாவி

வேளச்சேரியில் ஒரு மூன்றாவது மாடி அறையில் மூன்று பட்டதாரிகள் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கும் அறிவு நிறையவே இருந்தது. அதை வீணாகச் செலவழித்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்கள்.

முதல் ஆள் பேச்சிமுத்து. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். அவன் வீட்டில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் அவன்தான். அதனால் எதைத் தொட்டாலும் பயம். அலுவலக லிஃப்டில் ஏறும்போதுகூட, இதில் ஏற நமக்கு அனுமதி உண்டா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். இரண்டாவது ஆள் சகாயராஜ், மணப்பாட்டுக்காரன். யார் எதைச் சொன்னாலும் அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நம்பிவிடுவான். மூன்றாவது ஆள் சங்கரன்கோவில் கோமதிநாயகம். மற்ற இருவரும் பி.காம்., இவன் எம்.காம். ஆகவே அந்த அறையில் யோசிக்கிற வேலை முழுவதும் இவனிடம் விடப்பட்டிருந்தது.

மூவருக்கும் பெருங்குடியில் ஒரே அலுவலகத்தில் வேலை. மூவருக்கும் சேர்த்து ஒரே ஆசை, சிம்லாவுக்குப் போக வேண்டும். உண்மையில் அது பேச்சிமுத்துவின் ஆசை. அவன் ஊரில் வானத்திலிருந்து வெயிலைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக இறங்கியதில்லை. பனி கொட்டுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஏக்கம். அம்மாவிடம் போனில் சொல்லியும் வைத்துவிட்டான்.

"தை மாசம் சிம்லா போறேன்மா. பனி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

"போய்ட்டு வாப்பா. தலையில துண்டைப் போட்டுக்க, நனைஞ்சிராத" என்றாள் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் சேமிப்பு பற்றிப் பேச ஓர் ஆலோசகர் வந்தார். டை கட்டியிருந்தார். டை கட்டியவர் சொல்வதில் ஓர் எழுத்துகூடத் தப்பாது என்பது பேச்சிமுத்துவின் எண்ணம். அவர் மூன்று விஷயம் சொன்னார். சம்பளம் வந்ததும் முதலில் சேமிப்பு, அதற்குப் பிறகுதான் செலவு. சின்னச் சின்னச் செலவுகளை அடியோடு நிறுத்த வேண்டும். சேமித்த பணம் நினைத்த நேரத்தில் கைக்குக் கிடைக்கக் கூடாது, எதற்காகச் சேர்க்கிறோமோ அதற்குத்தான் திறக்க வேண்டும்.

மூவரும் இதை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

சம்பள நாளன்று ஏ.டி.எம்.முக்கு நடந்தே போனார்கள். பஸ்ஸில் போனால் சேமிப்புக்கு முன்னால் செலவு வந்துவிடும். ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டு, ஓர் இரும்புப் பெட்டி வாங்குவதற்காகக் காஜா மைதீன் பாய் கடைக்குப் போனார்கள். வாசற்படியில் கோமதிநாயகம் நின்றுவிட்டான்.

"ஒரு சிக்கல் இருக்குடே. பெட்டி வாங்குறது சேமிப்பா, செலவா?"

"செலவுதான்" என்றான் சகாயராஜ்.

"அப்போ சேமிக்கிறதுக்கு முன்னாடி பெட்டி வாங்கக் கூடாது."

"பெட்டி இல்லாம எதுல சேமிக்க?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

மூவரும் வெயிலில் நின்று யோசித்தார்கள். பாய் எட்டிப் பார்த்தார். "என்ன வேணும் தம்பி?"

"பெட்டி வேணும் பாய். ஆனா இப்போ வாங்கக் கூடாது" என்றான் பேச்சிமுத்து.

"அப்போ நிழல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு பாய் உள்ளே போய்விட்டார்.

கடைசியில் கோமதிநாயகம் வழி கண்டுபிடித்தான். மூன்று பேர் பணத்தையும் பேச்சிமுத்துவின் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்து, கையை இறுக்க மூடச் சொன்னான். "இனிமே இதுதான் சேமிப்பு. பேச்சி, நீ மனுசன்னு நெனைக்காத. பெட்டின்னு நெனைச்சுக்க."

சேமிப்பு முடிந்துவிட்டதால் நிம்மதியாகப் பெட்டி வாங்கினார்கள். பேச்சிமுத்து கும்பிட்ட கையோடு வேளச்சேரி மெயின் ரோடு முழுக்க நடந்து வந்தான். எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் பதிலுக்குக் கும்பிட்டார்கள். மூக்கு அரித்தபோது சகாயராஜ் சொறிந்துவிட்டான்.

அறைக்கு வந்ததும் பேச்சிமுத்து பணத்தைப் பெட்டிக்குள் போடப் போனான். கோமதிநாயகம் தடுத்தான்.

"கையில இருக்கிறது சேமிப்புல்லா? அதை எடுத்து இதுல போட்டா, சேமிப்புல இருந்து எடுத்ததா ஆயிராதா?"

பேச்சிமுத்துவுக்குப் பயம் வந்துவிட்டது. மூன்று மாதமாகத் துவைக்காத தலையணையைப் பெட்டி ஓரத்தில் வைத்து, திறந்த பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டபடியே படுத்துத் தூங்கினான். காலையில் பணம் தானாகப் பெட்டிக்குள் கிடந்தது. யாரும் எடுக்கவும் இல்லை, போடவும் இல்லை. மூவரும் திருப்திப்பட்டார்கள். அடுத்தடுத்த மாதங்களிலும் சம்பள நாளன்று பேச்சிமுத்து அப்படித்தான் தூங்கினான்.

சின்னச் செலவை நிறுத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் நாளே டீக்கடையில் சோதனை வந்தது.

"டீ என்ன விலை அண்ணே?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"பன்னெண்டு ரூவா."

"சின்னச் செலவு. வேண்டாம்."

மூவரும் பக்கத்துக் கடைக்குப் போய் மட்டன் பிரியாணி சாப்பிட்டார்கள். அது பெரிய செலவு. பெரிய செலவைப் பற்றி ஆலோசகர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பஸ் டிக்கெட் சின்னச் செலவு என்பதால் அதையும் நிறுத்திவிட்டு, தினமும் டாக்ஸியில் அலுவலகம் போனார்கள். தீப்பெட்டி வாங்க மனமில்லாமல் தானாகப் பற்றிக்கொள்கிற அடுப்பு வாங்கினார்கள். மாதக் கடைசியில் கையில் ஒன்றுமே மிஞ்சாதபோது பேச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனால் எம்.காம். படித்தவன் சும்மா இருக்கும்போது நாம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டான்.

பெட்டி மட்டும் மெல்ல மெல்ல நிறைந்தது.

இப்படியிருக்கையில் சகாயராஜின் செல்போன் கண்ணாடி உடைந்தது. அவன் பெட்டியைப் பார்த்த பார்வையை மற்ற இருவரும் பார்த்துவிட்டார்கள். உடனே கூடிப் பேசினார்கள்.

"சாவி இங்க இருந்தா ஆபத்து மக்கா. என்னையே எனக்கு நம்பிக்கை இல்ல" என்றான் சகாயராஜ். அவன் நேர்மையானவன்.

"எதுக்குச் சேர்க்கமோ அதுக்குத்தான் திறக்கணும்னு சொல்லியிருக்காரு. நாம எதுக்குச் சேர்க்கோம்?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"சிம்லாவுக்கு."

"அப்போ சாவி எங்க இருக்கணும்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிய விஷயம் இத்தனை நாள் தோன்றாமல் போனது எப்படி என்று வெட்கமாக இருந்தது.

நல்ல வேளையாக, பக்கத்து மேசைக்காரர் ஒருவர் கல்யாணம் முடிந்து தேனிலவுக்குச் சிம்லா கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் சாவியைக் கொடுத்து, தங்குகிற விடுதியிலேயே பத்திரமாகக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். பூட்டோடு வந்த இரண்டாவது சாவியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டினார்கள். பூட்டிய பெட்டியைவிடப் பத்திரமான இடம் ஏது?

சிம்லா விடுதி மேலாளர் பெயர் நேகி. முன்பு பட்டாளத்தில், நம் நீலகிரி வெலிங்டனில் பல வருஷம் இருந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். அறைச் சாவிகள் தொங்கும் பலகையில் ஓரமாக இந்தச் சாவியையும் மாட்டி, படம் எடுத்து அனுப்பினார். பேச்சிமுத்து அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நமக்கு முன்னால் நம்முடைய பொருள் ஒன்று சிம்லா போய்ச் சேர்ந்துவிட்டதே என்று கண் கலங்கியது. அடிக்கடி போன் போட்டு விசாரித்தான்.

"சாவி நல்லா இருக்கா சார்? குளிர் தாங்குதா?"

"சாவிக்கு என்ன தம்பி, நல்லா இருக்கு. நீங்க எப்போ வர்றீங்க?"

"தை மாசம் சார்."

தை வந்தது. மூவருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு கொடுக்க அலுவலகம் தயங்கியது. பேச்சிமுத்து தங்கள் குழுத்தலைவி ஹசீனாவிடம் போய் நின்றான். பயத்தில் பாதியும் ஆசையில் பாதியுமாகப் பேசியதைப் பார்த்து அவள் மனமிரங்கி, "சரி, போய் உன் பனியைப் பாத்துட்டு வா. இதை விட்டா அடுத்த தைக்குத்தான். நடுவுல லீவுன்னு வந்து நிக்காத" என்றாள்.

டிக்கெட் எடுக்கலாம் என்று மூவரும் பெட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபடியே இருந்தார்கள்.

"சாவி" என்றான் சகாயராஜ்.

"சிம்லாவுல இருக்கு" என்றான் கோமதிநாயகம்.

"சிம்லா போகக் காசு?"

"பெட்டியில இருக்கு."

தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் பூட்டை ஒரு பார்வை பார்த்தார். "அம்பது ரூவா குடுங்க. அஞ்சே நிமிசம், தொறந்து தர்றேன்."

கோமதிநாயகம் முகம் வாடியது. "அம்பது ரூவாயா? அது சின்னச் செலவாச்சே."

பேரம் பேசுகிறான் என்று சாவிக்காரர் நினைத்துக்கொண்டார். "சரி, நாப்பது குடு."

"இன்னும் சின்னதாக்குறாரு" என்று சகாயராஜ் கவலைப்பட்டான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒரு ஐயாயிரம்னு சொல்ல முடியுமா?" என்று பேச்சிமுத்து கெஞ்சினான்.

சாவிக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் ஹசீனாவிடம் சொன்னார்கள். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்பா, அந்த நேகியையே கூரியர்ல அனுப்பச் சொல்ல வேண்டியதுதானே?"

"அனுப்பிட்டா சாவி இங்க வந்துரும் மேடம்" என்றான் கோமதிநாயகம்.

"அதுக்குத்தான்பா."

"இங்க வந்துட்டா அங்க இருக்காதே. சிம்லாவுக்குன்னு சேர்த்ததை வேளச்சேரியில வச்சுத் தொறக்கிறது முறையா? போதாக்குறைக்கு கூரியர் சின்னச் செலவு."

ஹசீனா தன் இருக்கைக்குப் போய் வேறு வேலை பார்க்க ஆரம்பித்தாள்.

கடைசியில் செல்போனிலேயே கடன் வாங்குவது என்று முடிவானது. கடன் பெரிய செலவு, ஆகவே ஆட்சேபம் இல்லை. கடன் எதற்கு என்று ஒரு கேள்வி வந்தது. சகாயராஜ் 'சுற்றுலா' என்பதைத் தொடப் போனான். பேச்சிமுத்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"பொய் சொல்லி வாங்கக் கூடாதுலே. நாம இப்போ சுத்திப் பாக்கப் போகல. சாவி எடுக்கப் போறோம். எடுத்துட்டு வந்து, பெட்டியைத் தொறந்து, அந்தக் காசுலதான் சுற்றுலா."

'மற்றவை' என்பதைத் தொட்டு, 'சாவி எடுக்க' என்று அவனே எழுதினான். கடன் உடனே கிடைத்தது. பெட்டியைக் கூடவே கொண்டுபோகலாமா என்று சகாயராஜ் கேட்டான். ரயிலில் பெட்டி திருட்டுப் போய்விட்டால் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கோமதிநாயகம் திருப்பிக் கேட்டான். பெட்டியை அறையில் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

டெல்லி வரை ரயில். அங்கிருந்து பஸ். மலை ஏற ஏறக் குளிர் எலும்பைத் தொட்டது. ஜன்னலோரம் இருந்த சகாயராஜ் திடீரென்று, "மக்கா, அங்க என்னமோ வெள்ளையா தெரியுது" என்றான்.

பேச்சிமுத்துவின் நெஞ்சு ஒரு குதி குதித்தது. தலையைத் திருப்பப் போனான். பாதி திருப்பியவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"அண்ணே, இதைப் பாக்கலாமா?" என்று கோமதிநாயகத்தைக் கேட்டான்.

"ஏன், கண்ணு இருக்குல்லா?"

"இல்லண்ணே. சாவி எடுக்கன்னு எழுதிக் குடுத்துல்லா கடன் வாங்கியிருக்கோம். அந்தக் காசுல பனியைப் பாத்தா, அது சுற்றுலா ஆயிராதா? நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்லுவோம்?"

கோமதிநாயகம் நீண்ட நேரம் யோசித்தான். "சரியான கேள்விதான். நாம பாக்கணும்னு பாக்கல, அதுவா கண்ணுல படுதுன்னு சொல்லலாம்."

"கண்ணைத் தொறந்து வச்சிருந்ததே நாமதானே அண்ணே?"

மூவரும் பையிலிருந்து துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் காத்திருந்த பனி ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து, அடுத்த தடவை சொந்தச் சேமிப்பில், கண்ணை முழுசாகத் திறந்துகொண்டு வரலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

பஸ்ஸை விட்டு இறங்கி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு நடந்தார்கள். பார்வையற்றோர் சங்கத்திலிருந்து வருகிறார்கள் என்று நினைத்து ஒரு நல்ல மனிதர் விடுதி வாசல் வரை கொண்டுவந்து விட்டார். வாசலில் பேச்சிமுத்து வழுக்கிக் குப்புற விழுந்தான். முகமெல்லாம் ஏதோ மெத்தென்று, சில்லென்று ஒட்டியது.

"அண்ணே, இது அதுதான்னு நினைக்கேன்."

"பாத்தியா?"

"பாக்கல. மேல பட்டுட்டு."

"பட்டது பரவால்ல. எதையும் எடுத்துட்டு வந்துராத."

பேச்சிமுத்து எழுந்து, முகத்திலும் சட்டையிலும் ஒட்டியிருந்ததையெல்லாம் தடவித் தடவி எடுத்து, விழுந்த இடத்திலேயே திரும்பப் போட்டான்.

நேகி ஒரு பெரிய கூட்டத்துக்கு அறை கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற மூவரைப் பார்த்துத் திடுக்கிட்டார். பேச்சிமுத்து வணக்கம் சொன்ன குரலை வைத்து அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தம்பி, வாங்க. ரூம் ரெடியா இருக்கு. எவ்வளவு நாள் தங்குறீங்க?"

"இல்ல சார், நாங்க இன்னும் வரல" என்றான் பேச்சிமுத்து.

"என்னது?"

"சாவியை எடுத்துட்டுப் போய், அப்புறம் வருவோம் சார்."

நேகி பட்டாளத்தில் பலவிதமான ஆட்களைப் பார்த்தவர். மேலே கேட்கவில்லை. "அதோ பலகையில தொங்குது, எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பேச்சிமுத்து பலகையைத் தடவி, ஓரத்தில் தொங்கிய சாவியை எடுத்து, உள்சட்டைப் பைக்குள் போட்டு ஊக்கு குத்திக்கொண்டான். வேளச்சேரி போய்ச் சேரும்வரை உள்சட்டைப் பையைத் திறப்பதில்லை என்று சபதம். அன்றைக்கே பஸ் ஏறினார்கள்.

வேளச்சேரி வந்து, கையைக் கழுவி, பெட்டி முன்னால் உட்கார்ந்து சாவியை வெளியே எடுத்தார்கள். அதில் ஒரு பித்தளை வில்லை தொங்கியது. அதில் நான்கு என்று எண் போட்டிருந்தது. பூட்டுக்குள் அது நுழையவே இல்லை. பலகைக்கு இரண்டு ஓரம் உண்டு என்பது கண்ணைக் கட்டியிருந்ததால் தெரியாமல் போய்விட்டது.

சற்று நேரத்தில் நேகியின் போன் வந்தது.

"தம்பி, நாலாம் நம்பர் ரூம் சாவியைக் கொண்டு போயிட்டீங்க. பரவாயில்ல, என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. அதை மெதுவா கூரியர்ல போடுங்க. உங்க சாவியை நான் இன்னைக்கே என் செலவுல அனுப்பிடறேன்."

"ஐயோ வேண்டாம் சார்" என்று பதறினான் பேச்சிமுத்து. அவன் வம்சத்தில் இதுவரை யாரும் அடுத்தவர் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்ததில்லை. "தப்பு எங்க மேல. நாங்களே நேர்ல வந்து குடுக்கிறதுதான் மரியாதை."

விடுப்பு முடிந்துவிட்டது. சம்பளம் இல்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஹசீனா எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். மறுபடி செல்போனில் கடன். எதற்கு என்று கேட்ட இடத்தில் பேச்சிமுத்து யோசித்து, உள்ளது உள்ளபடி, 'சாவி கொடுக்க' என்று எழுதினான்.

மறுபடி ரயில், பஸ், துண்டு. இந்தத் தடவை பனி கொட்டிக்கொண்டே இருந்தது. தோளில் விழுந்ததைத் தட்டித் தட்டி விட்டபடி மூவரும் விடுதிக்குள் நுழைந்தார்கள். பேச்சிமுத்து பித்தளை வில்லைச் சாவியை இரண்டு கையாலும் நீட்டி, "மன்னிச்சுக்கங்க சார்" என்றான். நேகி வாங்கிக்கொண்டார். பிறகு பலகையிலிருந்து பெட்டிச் சாவியைத் தன் கையாலேயே எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இந்தாங்க தம்பி. இதுதான் உங்களோடது. நல்லா பாத்துக்கங்க."

பேச்சிமுத்து கையை விரித்தான். சாவியைத் தடவிப் பார்த்தான். இதில் வில்லை எதுவும் இல்லை, அவர்களுடைய சாவியேதான். கோமதிநாயகத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினான். கோமதிநாயகமும் அதையேதான் நினைத்தான் போலிருக்கிறது, மெல்ல இருமினான். பேச்சிமுத்து சாவியை நேகியிடமே திருப்பி நீட்டினான்.

"இருக்கட்டும் சார். இப்போ நாங்க குடுக்கத்தான் வந்திருக்கோம். எடுக்கிறதுக்கு வேற ஒரு தடவை வரணும்."

வெளியே மரங்களிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் கேட்டது. நேகி சாவியைப் பலகையில் மாட்டிவிட்டு வந்து, பேச்சிமுத்துவின் தோளைத் தொட்டார்.

"தம்பி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க இந்தப் பனியை எப்போதான் பாக்கப் போறீங்க?"

கண்ணைக் கட்டிய துண்டைச் சரிசெய்துகொண்டே பேச்சிமுத்து பணிவாகச் சொன்னான்.

"அதுக்குத்தான் சார் காசு சேர்த்துட்டு இருக்கோம்."